கொற்கைக் கரை – 17: குழாயடியில் பிறந்த வார்டு

1825 ஜூனில் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியை ஆங்கிலேயரிடம் கடைசி முறையாக ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியதோடு போன இதழை நிறுத்தியிருந்தோம். கொடி மாறியது. தெருக்களில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. வரி வசூலித்தவர், வழக்குத் தீர்த்தவர், கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னால் நின்றவர் எல்லாம் பழைய ஆட்களே. அந்தப் பழைய ஆட்களின் கையிலிருந்து தெரு எப்படி நழுவி, எண் போட்ட வார்டாகி, கவுன்சிலர் கைக்கு வந்து சேர்ந்தது என்பதை இந்த இதழில் பார்ப்போம். என்னைக் கேட்டால் அதில் பாதிக்கு மேல் தண்ணீரின் கதை.

முதலில் பழைய ஏற்பாடு. வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று நீளும் ஏழு கடல்துறைகளிலும் பரதவர்களுக்குப் பட்டங்கட்டிகள் என்ற ஊர்த்தலைவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மேலே, தூத்துக்குடியில் ஜாதித்தலைவர். பாண்டியபதி என்றும் சொல்வார்கள். முத்துக்குளிப்பு நடந்தால் எந்த ஊரிலிருந்து எத்தனை தோணி, எத்தனை குளியாள் என்பது இவர்கள் வழியாகத்தான் முடிவாகும். போர்த்துக்கீசியர் இவர்களோடுதான் பேசினார்கள். டச்சுக்காரர்களும் அப்படித்தான். கத்தோலிக்கர்களான பரதவர்களைத் தங்கள் சபைக்கு இழுக்கப் பார்த்துத் தோற்ற டச்சுக்காரர்கள், வியாபாரத்துக்கு மட்டும் அந்தத் தலைவரை விட்டுவிடவில்லை. 1806இல் பனிமய மாதாவுக்குப் பொன்தேர் செய்து ஓட்டியதும் ஒரு ஜாதித்தலைவர்தான். தேர் ஓடுகிற தெருதான் அன்று ஊர் எல்லை.

இந்த அதிகாரம் முழுக்க முத்துச்சிப்பியை நம்பி நின்றது. கடலடி முத்துப் பார்களில் சிப்பி விளையாத வருடங்கள் பத்தும் இருபதுமாக நீண்டபோது பட்டமும் வெளிறத் தொடங்கியது. போதாதென்று பரதவர்களுக்குள்ளேயே ஒரு கோடு விழுந்திருந்தது. கொழும்பு வியாபாரம், தோணி, சரக்கு என்று பணம் பார்த்தவர்கள் மேசைக்காரர்கள். கடலுக்குப் போய் வலை இழுத்தவர்கள் கம்மாரக்காரர்கள். ஒரே மாதா, ஒரே கோயில். ஆனால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மாட்டார்கள். காசு சேர்த்த மேசைக்காரருக்கு ஜாதித்தலைவரின் நிழலில் நிற்பது சலித்துப்போன நேரம் பார்த்து, ஆங்கிலேயன் ஒரு புது நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான்.

அந்த நாற்காலி 1866இல் வந்தது. 1865ஆம் வருடத்து நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி தூத்துக்குடி நகராட்சியானது. மதராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டத்தின்கீழ் நகராட்சியான முதல் வரிசை ஊர்களில் இதுவும் ஒன்று. பெயர்தான் மேம்பாடு. உறுப்பினர்களை அரசு நியமிக்கும், தலைமை கலெக்டருக்கு. ஊரார் கட்டும் வரியிலிருந்து போலீஸ் செலவில் முக்கால் பங்கை நகராட்சி கொடுக்க வேண்டும். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் என்று வரி வாங்கி, அந்தக் காசில் ஊரைக் காவல் காக்கிற சிப்பாய்க்குச் சம்பளம் போட்டால் யாருக்குத்தான் நகராட்சி மேல் பிரியம் வரும்? 1871ஆம் வருடத்துச் சட்டம் அந்தச் சுமையை இறக்கி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சுகாதாரம் என்ற பக்கம் திருப்பியது. தேர்தல் என்று ஒன்று வந்தது ரிப்பன் பிரபுவின் புண்ணியத்தில். 1884ஆம் வருடத்துச் சட்டம் உறுப்பினர்களில் முக்கால் பங்குவரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கலாம் என்றது.

வரி கட்டுவோர் என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். சொந்தமாகக் காரைவீடு, கிட்டங்கி, கடை வைத்திருந்தவனுக்கு ஓட்டு. திரேஸ்புரத்து ஓலைக்குடிசைக்காரனுக்கு இல்லை. உப்பளத்தில் வெயில் குடித்தவனுக்கு இல்லை. மில்லில் நூல் நூற்றவனுக்கு இல்லை. பீச் ரோடு, கிரேட் காட்டன் ரோடு, சிவன் கோயிலைச் சுற்றிய ரத வீதிகள், இவற்றில் வாழ்ந்த மேசைக்காரப் பரதவர், வெள்ளாளர், நாடார், முஸ்லிம் வியாபாரிகள், ஐரோப்பியக் கம்பெனிக்காரர்கள், ஒரு சில வக்கீல்கள் ஆகியோருக்குள் நடந்த பேரம்தான் அந்தக் காலத்து நகராட்சி அரசியல். வார்டு என்று காகிதத்தில் இருந்தது. தெருவில் இருந்தவனுக்கு அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிய அவசியம் இருக்கவில்லை.

இதற்குள் ஊர் வீங்கிக்கொண்டிருந்தது. 1876இல் ரயில் வந்தது. மதராஸிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பலேறி, கொழும்பில் இறங்குவது பெரிய பாதை. தோட்டக்காட்டுக்குப் போன கூலிகள் தட்டப்பாறை முகாமில் தங்கவைக்கப்பட்டு இந்தக் கரை வழியாகவே இலங்கைக்குப் போனார்கள். துறை ஆழமில்லாததால் கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போடும். சரக்கும் ஆளும் தோணியில் போய்வர வேண்டும். இந்தச் சிறு ஏற்பாட்டுக்குள் எத்தனை ஆயிரம் பேர் பிழைத்தார்கள் என்பது தோணிக்காரர் குடும்பங்களுக்குத்தான் தெரியும். 1888இல் ஹார்விகளின் கோரல் மில் வந்தது. 1901 கணக்கெடுப்பில் ஊர் 28,000 பேரைத் தொட்டது. அத்தனை பேருக்கும் குடிக்க என்ன இருந்தது?

தூத்துக்குடி மண்ணைத் தோண்டியவர்களுக்குத் தெரியும். நாலு அடியில் தண்ணீர் வரும். வாயில் வைக்க முடியாது. உப்புக்கு எவ்வளவு நல்ல மண்ணோ, கிணற்றுக்கு அவ்வளவு கெட்ட மண். ஊருக்கு வெளியே அங்கங்கே கிடைத்த நல்ல ஊற்றுகளிலிருந்து வண்டியில் ஏற்றிவந்து குடம் கணக்கில் விற்றார்கள். பணக்காரர் வீட்டில் மழைத்தண்ணீர்த் தொட்டி. மழையோ, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மறுபக்கம் பெய்துவிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற மழை. வடகிழக்குப் பருவம் பொய்த்தால் ஊர் வாயில் ஈரம் இருக்காது. காலரா வந்தால் குப்பத்தில்தான் முதலில் வரும்.

1908இல் இந்த ஊர் இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. வ.உ.சி. ஓட்டிய சுதேசிக் கப்பலைப் பற்றி விரிவாக எழுத இத்தொடரில் தனி இதழ்கள் இருக்கின்றன. இங்கே ஒரு சங்கதி மட்டும். பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில நாளில் வென்றார்கள். மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் நகராட்சி அலுவலகம் எரிந்தது. தூத்துக்குடியில் கடைகள் அடைத்தன, ஜட்கா வண்டிக்காரர்கள் வண்டியை அவிழ்த்துவிட்டார்கள், நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் வாளியைக் கீழே வைத்தார்கள். வெள்ளைக்காரன் பக்கம் பேசிய ஒருவருக்கு, பாதி முகம் வழித்த நிலையில் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துபோன நாவிதரைப் பற்றி இன்றும் ஊரில் சொல்வார்கள்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அந்த வாரம் ஊரை நிறுத்திக் காட்டியவர்களில் ஏறக்குறைய ஒருவருக்கும் நகராட்சியில் ஓட்டுக் கிடையாது. ஓட்டு இருந்தவர்களில் பலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். தூத்துக்குடியின் தெரு அரசியல் வேறு, நகராட்சி அரசியல் வேறு என்பது இந்த அளவுக்குப் பச்சையாக வேறெப்போதும் தெரிந்ததில்லை.

இரண்டையும் ஒட்டவைத்த காரியம் கொஞ்சம் தள்ளித்தான் நடந்தது. அதைச் செய்தவர் குரூஸ் பர்னாந்து. 1869இல் பிறந்தவர். 1909 தொடங்கி 1927 வரையிலான காலத்தில் ஐந்து முறை நகராட்சித் தலைவராக இருந்தவர். ராவ் பகதூர் பட்டம் பெற்றவர். இவருடைய காலத்தில் ஊருக்கு ஓர் அடியும் விழுந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடிப் பாதையும் திறக்கவே, கொழும்புப் பயணிகள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் ஊர் படுத்துவிடவில்லை என்பதற்கு 1921இல் இங்கே தொடங்கிய நாடார் வங்கி ஒரு சாட்சி. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். வியாபாரம் ஒரு சிலர் கையிலிருந்து பலர் கைக்குப் பரவிய காலம் அது. நகராட்சி மன்றத்திலும் அந்தப் பரவல் தெரிந்தது.

குரூஸ் பர்னாந்து பிடித்துக்கொண்ட காரியம் ஒன்றே ஒன்று: வல்லநாட்டில் தாமிரபரணியிலிருந்து தண்ணீரை எடுத்து ஊருக்குக் கொண்டுவருவது. திருநெல்வேலிச் சாலையில் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டருக்கு இரும்புக் குழாய் பதிக்க வேண்டும். ஒரு சின்ன நகராட்சிக்கு அது தாங்குகிற செலவா என்ற கேள்வி கடைசிவரை இருந்தது. அரசிடம் எழுதிக்கொண்டே இருந்தார்கள், கடன் கேட்டார்கள், வரி போட்டார்கள். வரி போட்டதற்குத் திட்டு வாங்கினார்கள். 1927இல் தண்ணீர் வந்தது. மூன்று வருடத்தில் குரூஸ் பர்னாந்து இறந்துபோனார்.

இந்தத் தொடரை முதல் இதழிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். கொற்கையைத் துறைமுகமாக இருக்கவிடாமல் செய்தது தாமிரபரணி கொண்டுவந்து தள்ளிய மண். கடல் பின்வாங்க, துறை உள்நாட்டுக் கிராமமாகி, கடைசியில் துறைமுக வரிசையில் தூத்துக்குடிக்கு இடம் கிடைத்தது. ஒரு துறைமுகத்தைத் தூர்த்த அதே ஆற்றின் தண்ணீர்தான் அடுத்த துறைமுகத்தை ஊராக்கியது.

குழாய் வந்ததும் என்ன ஆயிற்று? அதுவரை காகிதத்தில் இருந்த வார்டு தரையில் இறங்கியது. பிரதானக் குழாய் எந்தத் தெரு வழியாகப் போகிறது, கிளை எங்கே பிரிகிறது, பொதுக்குழாய் யார் வீட்டு வாசலில் நிற்கிறது, கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதெல்லாம் ஊர் வழக்கானது. முன்பு ஜாதித்தலைவரிடம் போனவர்கள், பங்குச் சாமியாரிடம் போனவர்கள், வியாபாரிகளின் மகமைச் சங்கத்துக்குப் போனவர்கள் எல்லாரும் இதற்கு மட்டும் ஒரே ஆளிடம் போக வேண்டியிருந்தது. தண்ணீரைத் திருப்பிவிடும் சாவி நகராட்சியிடம் இருந்தது. பட்டங்கட்டி செய்த வேலையைத்தான், அரசுக்கும் தெருவுக்கும் நடுவில் நின்று பங்கு வாங்கித் தருகிற வேலையைத்தான், நகராட்சி உறுப்பினர் செய்யத் தொடங்கினார் என்று நான் நினைக்கிறேன். முத்துக்குப் பதில் தண்ணீர். வரி கட்டாதவனுக்கும் குழாயடியில் இடம் உண்டு என்பதால், ஓட்டு இல்லாதவனும் உறுப்பினரைப் பார்த்துக் கத்தலாம் என்ற உரிமை ஓட்டுரிமைக்கு முன்பே வந்துவிட்டது.

வயது வந்தோர் எல்லாருக்கும் ஓட்டு என்பது சுதந்திரத்துக்குப் பிறகு. ஊர் மேற்கே நகர்ந்தது. மில்லர்புரம், போல்பேட்டை, போல்டன்புரம், பிரையண்ட் நகர் என்று வெள்ளைக்காரப் பெயர்கள் அப்படியே நிற்க, பக்கத்திலேயே சிதம்பர நகரும் அண்ணா நகரும் வந்தன. கடலோரத்தில் லூர்தம்மாள்புரம், இனிகோ நகர், தாளமுத்து நகர். ரயில்வே கேட்டுகளுக்கு எண் வைத்து 1ஆம் கேட், 2ஆம் கேட் என்று சொல்வதே முகவரியாகிவிட்டது. ஊர் அரசியலில் வளர்ந்து மாகாண அமைச்சராகவும் இருந்த ரோச் விக்டோரியாவின் பெயர் ஒரு பூங்காவாகத் தங்கியது. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமானது. அனல்மின் நிலையம், ஸ்பிக் என்று ஆலைகள் தெற்கே எழுந்தன. காங்கிரஸ் போய்த் திராவிடக் கட்சிகள் வந்ததை எல்லா ஊர்க் கதையிலும் படித்திருப்பீர்கள், இங்கும் அதேதான். வித்தியாசம் என்று சொன்னால், மாநிலக் கட்சிக் கொடிக்குக் கீழே தெருவின் கணக்கு மாறவில்லை. எந்த வார்டில் எந்தச் சாதிக்காரர், எந்தக் கோயில்காரர் நிற்கலாம் என்பதைக் கட்சி முடிவுசெய்வதற்கு முன்பே தெரு முடிவுசெய்திருக்கும்.

இன்றும் வார்டு அரசியலைப் பார்க்க மன்றக் கூட்டத்துக்குப் போவது வீண். காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்றால் போதும். சாவுச் சான்றிதழுக்கு ஒருவர், அடைத்துக்கொண்ட சாக்கடைக்கு ஒருவர், எரியாத விளக்குக்கு ஒருவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். தண்ணீருக்கு வருபவர்கள்தான் உட்காரமாட்டார்கள்.

“அண்ணாச்சி, எங்க தெருவுக்கு மட்டும் தண்ணி வரல. மேலத் தெருவுக்கு நேத்தே விட்டாச்சு.”

“வால்வு திறக்குற பையன்கிட்ட சொல்லிருக்கேன் அக்கா. சாயங்காலம் பாருங்க.”

“போன தடவையும் சாயங்காலம்னுதான சொன்னீய.”

வால்வு திறக்கிற அந்தப் பையன் மாநகராட்சியின் மிகக் கீழ்ப்படி ஊழியன். எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் என்பது அவன் கையில் இருக்கிற நீண்ட இரும்புச் சாவியில் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்குத் தண்ணீர் போவதைப் பற்றி விவசாயிகளும் ஊராரும் போராடியபோது பெரிய பெரிய புள்ளிவிவரங்கள் பேசப்பட்டன. தெருவில் அதன் அர்த்தம் இந்தப் பையன் வருவானா மாட்டானா என்பதுதான். வல்லநாட்டிலிருந்து நான்காவது குழாய் வரை பதித்த பிறகும் இந்தப் பேச்சு ஓயவில்லை.

2008 ஆகஸ்ட் 5இல் தூத்துக்குடி மாநகராட்சியானது. ஆகஸ்ட் 5 என்ன நாள் என்பதைத் தூத்துக்குடிக்காரருக்கு விளக்க வேண்டாம். பனிமய மாதா திருவிழா நாள். பொன்தேர் ஓடும் தெருவே எல்லையாக இருந்த ஊர் மாநகரம் ஆனதும் அந்த மாதாவின் திருநாளில்! முதல் மேயர் கஸ்தூரி தங்கம். 2011இல் நேரடித் தேர்தலில் சசிகலா புஷ்பா. அவர் 2014இல் மாநிலங்களவைக்குப் போகவே, இடைத்தேர்தலில் அந்தோணி கிரேஸ். முதல் மூன்று மேயர்களும் பெண்கள் என்பது பல பெரிய ஊர்களுக்கு இல்லாத பெருமை. அதைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

பேசப்பட்டது இன்னொன்று. 2011இல் மீளவிட்டான், சங்கரப்பேரி, தூத்துக்குடி ஊரகம், முத்தையாபுரம், அத்திமரப்பட்டி ஆகிய ஊராட்சிகளைச் சேர்த்தார்கள். 13.47 சதுர கிலோமீட்டராக இருந்த ஊர் ஒரே இரவில் 90.66 சதுர கிலோமீட்டர் ஆனது. நான்கு மண்டலம், 60 வார்டு. பழைய ஊரில் பத்து நிமிடம் நடந்தால் வார்டு முடிந்துவிடும். புதிதாகச் சேர்ந்த பகுதியில் வார்டுக்குள் வாழைத்தோட்டமும் உப்பளமும் காடும் கிடக்கின்றன. அத்திமரப்பட்டிக்காரர் கோரம்பள்ளம் குளத்துத் தண்ணீரில் வாழை போடுபவர்; ஊராட்சித் தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். இப்போது அவர் மாநகரவாசி, வீட்டுக்கு மாநகராட்சிச் சொத்து வரி. கோடு போட்டவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள், வாய்க்காலைப் பார்க்கவில்லை.

2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19இல். நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேலாகக் கவுன்சிலரே கிடையாது; தனி அலுவலர் ஆட்சி. சீர்மிகு நகரத் திட்டத்துக்குத் தூத்துக்குடி தேர்வானது 2017இல். கோடிக்கணக்கில் பணம் வந்து, சாலையும் பூங்காவும் வடிகாலும் திட்டமிடப்பட்ட வருடங்களில், எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லத் தெரிந்த ஓர் ஆள் மன்றத்தில் இல்லை. மன்றமே இல்லை. ஊழலைப் பற்றியோ தரத்தைப் பற்றியோ ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என் குறை அதைவிடச் சின்னது: கேட்டிருக்க வேண்டியவர்களைக் கேட்க ஒரு நாற்காலியும் போட்டுவைக்கவில்லை.

2022 மார்ச் 4இல் கவுன்சிலர்கள் கூடி ஜெகன் பெரியசாமியை மேயராக்கினார்கள். தி.மு.க.வின் என். பெரியசாமியின் மகன், அப்போது அமைச்சராக இருந்த கீதா ஜீவனின் உடன்பிறந்தவர். பட்டம் ஒரு குடும்பத்துக்குள் சுற்றுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. அதே வருடம் நவம்பர் 1இல் தமிழகமெங்கும் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கவுன்சிலர் தலைமையில் மக்கள் உட்கார்ந்து பேசுவது. நல்ல ஏற்பாடு. ஏழு மணி வாசல் கூட்டத்துக்கு அரசு ஒரு பந்தல் போட்டுக் கொடுத்திருக்கிறது.

அதற்கு அடுத்த வருடம் டிசம்பர் 17, 18இல் வந்த மழையை யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி கரை புரண்டது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது. அத்திமரப்பட்டியும் முத்தையாபுரமும் தண்ணீருக்குள். பழைய ஊரில், வருடாவருடம் தேங்கிப் பழகிய முத்தம்மாள் காலனி போன்ற இடங்களில் வீட்டுக்குள் இடுப்பளவு. ஊரின் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டிய பக்கிள் ஓடையால் தாங்க முடியவில்லை. சுற்றிலும் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை. குழாயில் தண்ணீர் வர நாளாயிற்று. 1901இல் கேட்ட அதே கேள்வியோடு லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டது.

குளம் நீர்வளத்துறையுடையது. தேசிய நெடுஞ்சாலைக்குத் தனி ஆணையம். ரயில் பாதைக்கு ரயில்வே. துறைமுகச் சாலைக்குத் துறைமுகம். தண்ணீர் இவை எல்லாவற்றையும் தாண்டி வந்து நின்ற வீடு மட்டும் ஏதோ ஒரு வார்டில் இருந்தது. மழை விட்ட மறுநாள் முழங்கால் தண்ணீரில் நடந்துவந்த கவுன்சிலரைத்தான் மக்கள் பிடித்தார்கள். அவரிடம் இருந்தது ஒரு செல்போன், கொஞ்சம் பிரெட் பாக்கெட், ஒரு மோட்டார் பம்பு கிடைக்கும் என்ற வாக்குறுதி.

உப்பளங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட வார்டுகளைப் பற்றி இங்கே சொல்லவில்லை. அங்கே வேலை செய்வோருக்கு வருடத்தில் மழைக்கால மாதங்களில் கூலி கிடையாது. வீட்டுமனைப் பட்டா என்பது மூன்று தலைமுறையாகத் தொடரும் வழக்கு. அந்தக் கதையை உப்பு வரியிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த இதழில் தொடங்குவோம்.